ராசாவுக்கு எந்திரிச்ச கோழி

ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாராம். ஊரு ஆவாரங்குளம். ராசா பேரு திருமலைக்கொழுந்து ராசா. பேருதான் நீளமே தவிர ராச்சியம் நீளமில்ல. இந்த எல்லையில நின்னு ராசா தும்முனா அந்த எல்லையில இருக்கிறவங்க "நூறு"ன்னு சொல்லுவாங்களாம், அம்புட்டுத்தான்.

அந்த ராசாவுக்கு மரியாதைன்னா உசிரு. அவர் தெருவில வந்தா உக்காந்திருக்கிற ஆளெல்லாம் எந்திரிச்சு நிக்கணும். இதுல ஒண்ணும் தப்பில்ல, ராசான்னா அப்படித்தான். எப்பவோ ஒரு தரம் கோயில் கொடைக்கு வருவார், எந்திரிச்சு நின்னுட்டு உக்காந்தா ஆச்சு. ஆனா நம்ம ராசாவுக்கு வயித்துல வாயு சேர்ந்துபோச்சு. வைத்தியர் நாடி பிடிச்சுப் பாத்துட்டு, "மகாராசா, மருந்தெல்லாம் வேணாம், நடங்க"ன்னுட்டார். அதுல இருந்து ராசா காலையில மூணு சுத்து, மத்தியானம் மூணு சுத்து, சாயங்காலம் மூணு சுத்து, ஊரைச் சுத்தி நடக்க ஆரம்பிச்சாராம். வாயு போச்சோ இல்லியோ, ஊருக்கு எந்திரிச்சு எந்திரிச்சு முட்டிக்கால் போச்சு.

ராசாவுக்கு முன்னால கட்டியக்காரன் ஒருத்தன் போவான். சங்கையான்னு பேரு. ராசா வர்றாருன்னு கத்திட்டுப் போறதுதான் அவன் வேலை. கழுத்துல தமுக்கு. "டம் டம் டம்! ராசா வர்றாக! எந்திரி! எந்திரி! எந்திரி!" கழுதை எப்பவும் நின்னுட்டே இருக்கும், அதனால கழுதைக்கு அந்த ஊர்ல நல்ல பேரு.

இந்தச் சங்கையாவுக்குக் கோழிக்குழம்புன்னா போதும். சோத்துல குழி பறிச்சு ஊத்திக்குவான். ஒரு நாள் தமுக்கு அடிச்சுட்டு வர்றப்போ ஒரு வீட்டு வாசல் கூடையில கோழி ஒண்ணு அடை உக்காந்திருந்துச்சு. அடைன்னா என்ன, முட்டை மேல உக்காந்து சூடு குடுக்கிறது. ராசா வர்றாருன்னு அதுக்குத் தெரியுமா, உக்காந்தே இருந்துச்சு. சங்கையா நின்னு அதைப் பாத்தான். நல்ல கொழுத்த கோழி. "ராசா வர்றாக, நீ உக்காந்திருக்கியா"ன்னு கேட்டுட்டு, காலைப் பிடிச்சுத் தூக்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டான். வீட்டுக்காரி பதறி ஓடி வந்து, "என்னய்யா இது, கோழிய்யா அது"ன்னா. "கோழின்னா? ராசாவுக்குக் கீழ்தானே கோழி? எந்திரிக்காத கோழி அரண்மனைக்கு. உத்தரவு"ன்னுட்டுப் போயிட்டானாம். அந்தக் கோழி அரண்மனைக்குப் போகல. எங்க போச்சுன்னு நான் சொல்லவும் வேணாம்.

அன்னையில இருந்து ஊர்ப் பொம்பளைங்க என்ன பண்ணாங்க? கோழி தானா எந்திரிக்காது, எந்திரிக்கலேன்னா கோழி போயிரும். அதனால தமுக்குச் சத்தம் கேட்டா ஓடிப்போய் அடைக்கோழியைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு நிப்பாங்க. ராசா போன பிறகு திரும்ப முட்டை மேல வைப்பாங்க. காலையில மூணு, மத்தியானம் மூணு, சாயங்காலம் மூணு. கொஞ்ச நாள்ல அது பழகிப்போச்சு. பழகிப்போனா அப்புறம் யாரு கண்ணுக்கும் தெரியாதில்ல?

உம் கொட்டுங்க. கொட்டலேன்னா தூங்கிட்டீங்கன்னு நினைச்சு நிறுத்திருவேன்.

அந்த ஊர்ல வெள்ளத்தாயின்னு ஒருத்தி. அவ புருஷன் மந்திரமூர்த்தி. பேருதான் மந்திரம், ஊர்ல அவனை மண்டூகம்னுதான் சொல்லுவாங்க. ஏன்னா யாராவது பேசிட்டு இருக்கிறப்போ நடுவுல வந்து சம்பந்தமில்லாம ஒண்ணு கேப்பான். "ஏன் மழை பெய்யுறப்போ குளம் நனையுது"ம்பான். அவங்களுக்கு ஒத்தைக்கு ஒரு மக, ஆவுடை. மேல ஊர்ல கட்டிக் குடுத்திருந்தாங்க. தலைப்பிரசவத்துக்கு ஆத்தா வீட்டுக்கு வந்து நல்லபடியா ஆம்பளைப் பிள்ளை பெத்தா.

அந்தச் சீமையில ஒரு வழக்கம். பிள்ளை பெத்தவ புருஷன் வீட்டுக்குத் திரும்புறப்போ, ஒரு கூடையில தாய்க்கோழியும் அது பொரிச்ச குஞ்சுகளுமாக் கொண்டு போகணும். அதுவும் பிறந்த வீட்டுல பொரிச்சதா இருக்கணும், சந்தையில வாங்குனா ஆகாது. தாயும் குஞ்சுமா கூடை போகலேன்னா தாயும் பிள்ளையுமா இவ போக முடியாது. ஆவுடையோட மாமியார் வழக்கத்துல ஒரு நூல் கூட விட மாட்டா. "கூடை வரட்டும், கதவு திறக்கும்"னு சொல்லி விட்டிருந்தா.

வெள்ளத்தாயிகிட்ட செவலைன்னு ஒரு கோழி. கோழின்னா அதுதான் கோழி. ஒத்தைப்படையா முட்டை சேர்த்து, கூடையில வைக்கோல் போட்டு, அடை வச்சா. பிள்ளை அப்போ மல்லாக்கக் கிடந்து காலை உதைச்சிட்டு இருந்துச்சு.

நாள் வந்துச்சு. நாள் போச்சு. ஒரு ஓட்டுல கூட கீறல் இல்ல. முட்டையை எடுத்துக் காதுகிட்ட வச்சு ஆட்டுனா உள்ள களக் களக். அத்தனையும் கூமுட்டை. பிள்ளை குப்புற விழுந்துட்டு.

மாப்பிள்ளை வண்டி கட்டிட்டு வந்தார். கூடையை எட்டிப் பாத்தார். "என்ன அத்த, ஒண்ணும் இல்லியா?"

"மாப்பிள்ள, முட்டையை அடுப்புக்குப் பக்கத்துல சேர்த்து வச்சிட்டேன். சூடு தட்டிப்போச்சு போல. அடுத்த அடைக்குச் சரியாயிரும்."

மாப்பிள்ளை வெறும் வண்டியில திரும்பிப் போனார்.

வெள்ளத்தாயி அடுத்த தடவை விடல. புது முட்டையாப் பாத்து, அடுப்புப் பக்கம் கொண்டு போகாம, குளிர்ந்த மூலையில மணல்ல புதைச்சுச் சேர்த்தா. பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா வந்து, "இவளே, இடி இடிச்சா முட்டை கலங்கும்டி, ஒரு இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, ஒரு மொளகாவத்தல் போட்டு வை"ன்னா. அதையும் போட்டா. செவலை உக்காந்துச்சு. கொஞ்ச நாள் கழிச்சு, கூரை ஓட்டை வழியா விழற வெயிலுக்கு நேரா ஒரு முட்டையைப் பிடிச்சுப் பாத்தா உள்ள சிலந்தி வலை மாதிரி செவப்பு நரம்பு ஓடுது, நடுவுல கடுகு மாதிரி ஒண்ணு துடிக்குது. "ஏட்டி ஆவுடை, உசிரு வந்துட்டுடி!"

அந்த நேரம் பாத்து டம் டம் டம். ராசா வர்றாக. எல்லாரும் எந்திரிச்சாங்க. செவலையையும் தூக்கி நிப்பாட்டுனாங்க. வாடைக்காத்து கூடைக்குள்ள வீசுச்சு. ராசா போனார். உக்காந்தாங்க.

நாள் வந்துச்சு. நாள் போச்சு. உடைச்சுப் பாத்தா உள்ள குஞ்சு இருக்கு, இறக்கை முளைச்சிருக்கு, கண்ணு மூடியிருக்கு. உசிரு இல்ல. வெள்ளத்தாயி ஓட்டைக் கையில வச்சிட்டு உக்காந்திருந்தா. பிள்ளை தவழ்ந்து வந்து அவ மடியைப் பிடிச்சு இழுத்துச்சு.

மாப்பிள்ளை வண்டி கட்டிட்டு வந்தார். கூடையை எட்டிப் பாத்தார். இந்தத் தடவை "என்ன அத்த"ன்னு கூடக் கேக்கல. பிள்ளையைத் தூக்கி மோந்து பாத்துட்டு, ஆவுடைகிட்ட மெல்லச் சொன்னார். "அம்மா வேற இடத்துல பொண்ணு பாக்கணும்ங்கிறா. கூடை பொரிக்காத வீட்டுப் பொண்ணு நமக்கு ஆகாதுங்கிறா. நான் இன்னும் ஒரு தடவைதான் பேச முடியும்."

வெறும் வண்டி திரும்பிப் போச்சு. ஆவுடை அழல. அழுதா பிள்ளை அழும்னு அழல.

அன்னைக்கே ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் கூடி உக்காந்து யோசிச்சாங்க. ஏன்னா வெள்ளத்தாயி வீட்டுல மட்டும் இல்ல, ஊர்ல ஒரு வீட்டுலயும் பொரிக்கல. சேவல் சரியில்லன்னா ஒருத்தி. வைக்கோல் சரியில்லன்னா ஒருத்தி. எவளோ கண்ணு வச்சிட்டான்னா ஒருத்தி. டம் டம் டம். எல்லாரும் எந்திரிச்சு, வீட்டுக்கு ஓடி, கோழியைத் தூக்கி நிப்பாட்டி, ராசா போன பிறகு திரும்ப வந்து உக்காந்து, எங்க விட்டோம்னு கேட்டு, மறுபடி யோசிச்சாங்க, ஏன் பொரிக்க மாட்டேங்குதுன்னு.

அப்போ பாரு, கள்ளி வேலிக்குள்ள இருந்து ஒரு சத்தம். க்ளக் க்ளக் க்ளக். என்னன்னு பாத்தா பேச்சியக்காவோட கருங்கோழி! கீரி தின்னுட்டுன்னு நினைச்சு அழுது முடிச்ச கோழி. அது பாட்டுக்கு நடந்து வருது. பின்னால குஞ்சு, குஞ்சு, குஞ்சு. வேலிக்குள்ள திருட்டுத்தனமா முட்டை போட்டு, திருட்டுத்தனமா அடை உக்காந்து, போட்டது அத்தனையும் பொரிச்சுக் கூட்டிட்டு வருது.

எல்லாரும் ஓடிப்போய் வேலிக்குள்ள எட்டிப் பாத்தாங்க. கூடை இல்ல, வைக்கோல் இல்ல, இரும்பு இல்ல, கரி இல்ல, மொளகாவத்தல் இல்ல. வெறுந்தரை. சுத்தி முள்ளு.

"முள்ளுதான்!"னா பேச்சியக்கா. "முள்ளுக்குள்ள வச்சாத்தான் பொரிக்கும்!"

அப்படிக் கண்டுபிடிச்சாங்க. அன்னைக்குச் சாயங்காலம் ஊர்ல எல்லாக் கூடையிலயும் முள்ளு. செவலை உக்காந்துச்சு, எந்திரிச்சுது, உக்காந்துச்சு, வெள்ளத்தாயி மூஞ்சியை ஒரு பார்வை பாத்துச்சு. என்ன பார்வைன்னு கேக்காதீங்க.

அப்போ மந்திரமூர்த்தி வந்தான். முள்ளைப் பாத்தான், கோழியைப் பாத்தான், தலையைச் சொறிஞ்சான். "ஏளா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"நீ ஒண்ணும் கேக்க வேணாம்."

"இல்ல, ஒண்ணே ஒண்ணு. அந்தக் கருங்கோழி வேலிக்குள்ள இருந்துச்சே, ராசா வர்றப்போ அதை யாரு தூக்கி நிப்பாட்டுனா?"

வெள்ளத்தாயி கையில இருந்த முள்ளைக் கீழ போட்டா. பேச்சியக்காவைப் பாத்தா. பேச்சியக்கா ஆவுடையைப் பாத்தா.

"யாரும் நிப்பாட்டல"ன்னா ஆவுடை.

"அதான் கேட்டேன்"னான் மந்திரமூர்த்தி. "சரி, சோறு ஆச்சா?"

விஷயம் தெரிஞ்சிட்டு. தெரிஞ்சு என்ன பண்ண? தூக்கலேன்னா கோழி போயிரும், தூக்குனா குஞ்சு போயிரும். ராசாகிட்ட யாரு போய்ச் சொல்ல? "உங்களுக்கு நாங்க குடுக்கிற மரியாதையிலதான் முட்டை கெடுது"ன்னு எந்த வாய் சொல்லும்? புத்தியுள்ளவங்க யாரும் போக மாட்டேன்னுட்டாங்க. அதனால மந்திரமூர்த்தி போனான்.

அங்க அரண்மனையில ராசாவே இடிஞ்சுபோய் உக்காந்திருந்தார். அவர்கிட்ட ஒரு பட்டத்துச் சேவல். கிழடாகிப் போச்சு, கூவுனா பாதியில இருமுது. அதோட வம்சத்துல ஒரு குஞ்சு வேணும்னு ராசாவும் அடை வச்சு வச்சுப் பாக்கிறார், பொரிக்கவே இல்ல. எப்படிப் பொரிக்கும், ராசா அதிகமா நடக்கிற இடமே அரண்மனைதானே! சங்கையா பக்கத்துல நின்னு, "மகாராசா, இந்தக் கோழிகளுக்கு விசுவாசம் போதல. இன்னும் ரெண்டு தடவை எந்திரிக்க வச்சாச் சரியாயிரும்"னு சொல்லிட்டு இருந்தான்.

மந்திரமூர்த்தி போய்க் கும்பிட்டு, "மகாராசா, ஏன் பொரிக்கலேன்னு எனக்குத் தெரியும். சொன்னா நம்ப மாட்டீக. அடை வச்சுக் காட்டுறேன்"னான்.

"எதை அடை வைப்பே?"

"சங்கையா அண்ணாச்சியை."

சங்கையா துள்ளுனான். "என்னையா? நான் என்ன முட்டையா?"

"ஆமா அண்ணாச்சி. நீங்க முட்டை. ஒரு கம்பளி வேணும், அதுதான் கோழி."

"அப்போ நான் யாரு?"ன்னாராம் ராசா.

"நீங்க ராசாதான் மகாராசா. நீங்க எப்பவும் போல நடங்க."

ராசாவுக்குச் சேவல் வம்சம்தான் பெருசாப் பட்டுது. சரின்னுட்டார். ஐப்பசி அடைமழை, வாடைக்காத்து. முட்டைக்குள்ள ஈரம்தானே இருக்கும், அதனால சங்கையாவுக்கு ஈரவேட்டி கட்டி, கோழிக்கொட்டகையில சுருட்டிப் படுக்க வச்சுக் கம்பளியைப் போத்துனாங்க. கதகதன்னு இருந்துச்சு. சங்கையா கண்ணை மூடப் போனான்.

டம் டம் டம். "ராசா வர்றாக! எந்திரி கம்பளி! எந்திரி! எந்திரி!"ன்னு மந்திரமூர்த்தி கத்தி, கம்பளியைத் தூக்கிப் பிடிச்சுட்டு நின்னான். ராசா மெல்ல நடந்து கடந்தார். கம்பளி திரும்ப வந்துச்சு. சங்கையா தும்முனான். ஊரே நூறுன்னுச்சு.

இப்பத்தான் கொஞ்சம் சூடு ஏறுது, டம் டம் டம். கம்பளி போச்சு. ராசா கடந்தார். கம்பளி வந்துச்சு. சங்கையாவுக்குப் பல்லு தமுக்கு அடிச்சுது.

மூணாவது தடவை டம் டம் டம்னதும் சங்கையா கம்பளியை ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டான். மந்திரமூர்த்தி இழுக்கிறான், இவன் விடல. உதடு நாவப்பழம் மாதிரி ஆகிப்போச்சு. "மகாராசா! நடக்காதீக! கும்பிட்டுக் கேக்கேன், கொஞ்சம் உக்காருங்க! நான் செத்துருவேன்!"

கட்டியக்காரன் ராசாவை உக்காரச் சொல்லிட்டான். ராசா அப்படியே நின்னார். கம்பளியைப் பாத்தார், பக்கத்துக் கூடையில இருந்த முட்டையைப் பாத்தார்.

"சுத்திச் சுத்தி மூணே சுத்து"ன்னார். "இவனுக்குத் தோலு இருக்கு, தோலுக்குக் கீழ இம்புட்டுக் கொழுப்பு இருக்கு, கத்துறதுக்கு வாய் இருக்கு. உள்ள இருக்கிற அதுக்கு என்ன இருக்கு?" அப்புறம் மெல்லத் திரும்பி, "ஏன் சங்கையா, கோழி எந்திரிக்கணும்னு நான் எப்போ சொன்னேன்?"

சங்கையா தும்முனான்.

மந்திரமூர்த்தி ராசா காதுல என்னவோ சொன்னான். "எந்திரிக்காத கோழி எல்லாம் அரண்மனைக்குன்னு வாங்கிட்டு வருவியாமே. எந்த அரண்மனைக்கு?"

சங்கையா திரும்பத் தும்முனான். இந்தத் தடவை யாரும் நூறுன்னு சொல்லல.

ராசா அங்கேயே தீர்ப்புச் சொன்னார். அடையில இருக்கிற கோழியை யாரும் எழுப்பக் கூடாது, ராசாவே வந்தாலும். தமுக்குல பழந்துணி சுத்தணும். சங்கையா முன்னால நடந்துபோய், ஒவ்வொரு கூடைகிட்டயும் ரகசியம் மாதிரி, "ராசா வர்றாக, எந்திரிக்காதீக, எந்திரிக்காதீக, எந்திரிக்காதீக"ன்னு சொல்லணும். யாரு யாரு வீட்டுக் கோழியைத் தின்னானோ அந்த வீட்டு அடைக்கோழிக்கு எல்லாம் காக்கா அண்டாம, கீரி அண்டாம அவனே காவல். அது தானா இறங்கி இரை தேடி வர்ற நேரத்துக்குக் கம்புத் தானியமும் தண்ணியும் அவனே வைக்கணும். அப்புறம் அவன் வீட்டு அடுப்புல ஆயுசு பூரா கத்திரிக்காக் குழம்பு. கத்திரிக்கா நல்ல காய்தான். ஆனா குழி பறிச்சு ஊத்துற குழம்பு இல்ல.

வெள்ளத்தாயி முள்ளை எல்லாம் எடுத்துப் போட்டுட்டுச் செவலையை மறுபடி அடை வச்சா. இரும்பும் கரியும் மட்டும் இருக்கட்டும்னா பேச்சியக்கா. இருந்துட்டுப் போகட்டும், அது யாரையும் எழுப்பலியே.

செவலை உக்காந்துச்சு. தானே முட்டையை மூக்கால உருட்டிக்கிட்டுது. தானே இறங்கிச்சு, தானே ஏறிச்சு. வெள்ளத்தாயிக்குக் கை பரபரங்கும், எடுத்துப் பாக்கலாமான்னு இருக்கும். கையை முந்தானையில சுத்தி வச்சுக்குவா.

ஒரு நாள் காலையில மேலத்தெரு முனையில வண்டிச்சத்தம். மாப்பிள்ளைதான். கூட மாமியாரும் இறங்குனா, இதோட முடிச்சிட்டுப் போயிரலாம்னு வந்தவ. வந்தவ கூடைகிட்ட வந்தா. எட்டிப் பாத்தா செவலை. அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல. "கோழி இருக்கு. குஞ்சு எங்க?"ன்னா.

அப்போ செவலைக்கு அடியில இருந்து ஒரு சத்தம். கீச். அவ்வளவு சின்னது. அப்புறம் இன்னொரு இடத்துல. கீச். செவலை இறக்கையை லேசா விரிச்சுது, ஒரு மஞ்சத்தலை எட்டிப் பாத்துச்சு, மாமியாரைப் பாத்துட்டு உள்ள போயிட்டு.

ஒரு முட்டை மட்டும் ஓரத்துல. கீறல் விட்டிருக்கு, ஓட்டைக்குள்ள மூக்கு தெரியுது, வெளிய வர முடியாம முட்டுது. "ஐயோ, திணறுதே, ஓட்டை உரிச்சு விடட்டுமா"ன்னு ஆவுடை கையை நீட்டுனா. "கை வைக்காத"ன்னா வெள்ளத்தாயி. "உரிச்சா ரத்தம் வந்துரும். அது வரும். உக்காரு." சொல்லிட்டாளே தவிர அவளுக்கும் வேர்த்துக் கொட்டுது. எல்லாரும் கூடையைச் சுத்தி உக்காந்து மூச்சைப் பிடிச்சிட்டுப் பாக்கிறாங்க. மாமியாரும் உக்காந்துட்டா.

அப்போ தெருவில பொத் பொத் பொத். துணி சுத்துன தமுக்கு. "ராசா வர்றாக, எந்திரிக்காதீக"ன்னு சங்கையா கிசுகிசுத்துட்டு வர்றான். பின்னால ராசா, கட்டைச் செருப்பைக் கையில எடுத்துட்டு, பூனை மாதிரி. ஊர்ல ஒருத்தரும் எந்திரிக்கல.

ஒருத்தர் மட்டும் எந்திரிச்சார். யாரு? பிள்ளை. தவழ்ந்து வந்து, கூடை விளிம்பைப் பிடிச்சு, காலை ஊனி, ஆடி ஆடி, பிறந்ததுல இருந்து முதல் தடவையா நிமிர்ந்து நின்னுச்சு. கூடை ஆடுச்சு. செவலை தலையைத் தூக்குச்சு.

"யாரது எந்திரிச்சது?"ன்னார் ராசா.

ஆவுடைக்கு உசிரே போச்சு. "மகாராசா, பிள்ளை, தெரியாம..."

ராசா கிட்ட வந்தார். குனிஞ்சார். கூடையை ஒரு கையால அசையாமப் பிடிச்சுக்கிட்டு, "உக்காரு கண்ணு. நீ எந்திரிச்சா கோழி எந்திரிச்சிரும்"னாராம்.

பிள்ளை உக்காரல. ராசாதான் உக்காந்தார், தரையில. அந்தக் கடைசி முட்டை பட்டுன்னு விட்டு, குஞ்சு வெளிய வந்துச்சு.

அதுல ஒரு சேவக்குஞ்சை, பட்டத்துச் சேவலுக்குத் துணைக்குன்னு ராசா கேட்டார்னும் குடுத்தாங்கன்னும் சொல்லுவாங்க. மத்தது எல்லாம் கூடையோட வண்டியில ஏறிச்சு. ஆவுடை மடியில பிள்ளை, மாமியார் மடியில கூடை. வழியில மாமியார் குஞ்சு சரியா இருக்கான்னு கூடைக்குள்ள கையை விட்டா, செவலை நறுக்குன்னு ஒரு கொத்து வச்சுது. அதுக்கப்புறம் ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் அவ கூடைக்குள்ள கையே விடல. வீட்டு வாசல்ல இறங்கி, தானே முன்னால போய்க் கதவைத் திறந்து விட்டாளாம்.

அவ்வளவுதான் கதை. அவங்க அங்க பொரிச்சாங்க, நாம இங்க போத்திக்கிட்டோம். அடையில இருக்கிறதை எழுப்பாதீங்க, தானா வரும். ம்? உம் சத்தத்தையே காணோம்? சரி, கிடங்க. நாளைக்கு ராசாவே தெருவில வந்தாலும் நான் உங்களை எழுப்ப மாட்டேன்.